சுற்றறிக்கையை எழுதியது யார்?

பள்ளியில் மூன்றாவது பாடவேளை நடந்துகொண்டிருக்கிறது. கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். அப்போது வகுப்பு வாசலில் பியூன் வந்து நிற்கிறார். அவர் கையில் சுற்றறிக்கை நோட்டு. ஆசிரியர் அதை வாங்கிப் படிக்கிறார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "நாளை பிற்பகல் பள்ளி கிடையாது" என்கிறார். வகுப்பே ஆரவாரம் செய்கிறது.

தலைமை ஆசிரியர் நேரில் வந்து சொல்லவில்லை. அப்படியிருந்தும் ஆசிரியர் அந்தச் செய்தியை நம்பினார். ஏன்? அந்த நோட்டில் தலைமை ஆசிரியரைத் தவிர வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்பதால்தான்.

இப்பொழுது ஒரு கற்பனை செய்து பாருங்கள். தலைமை ஆசிரியர் அறைக்குக் கனமான பூட்டுப் போட்டிருக்கிறது. வாயிலில் காவற்காரரும் இருக்கிறார். ஆனால், அந்தச் சுற்றறிக்கை நோட்டு மட்டும் தாழ்வாரத்து மேசையில், ஒரு பேனாவுடன் கிடக்கிறது. குறும்புக்கார மாணவன் ஒருவன் அந்தப் பக்கம் வருகிறான். அவன் பூட்டை உடைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். மற்ற வேலையைப் பியூனும் ஆசிரியர்களும் செய்து முடிப்பார்கள்!

"கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். மனிதர்கள் கையெழுத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள். கணிப்பொறி சந்தேகப்படாது. உரிய இடத்தில், உரிய பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதில் எழுதியிருப்பதை அப்படியே நிறைவேற்றிவிடும்.

கோடிக்கணக்கான ரூபாய் செலவில் உருவாக்கப்பட்ட மென்பொருள்களில்கூட இந்தச் 'சுற்றறிக்கை நோட்டுத் தவறு' நேர்ந்திருக்கிறது. ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகளைப் படைத்துக் காட்டும் அதிசய மென்பொருள்களிலும் நேர்ந்திருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போமா?

ஒரு பொறி, பல பேர்

தொடக்க காலக் கணிப்பொறிகளுக்குக் காவல் தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையைத்தான் அவை செய்தன. 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு புதுமுறையைச் செய்து காட்டினார்கள். 'சி.டி.எஸ்.எஸ்.' என்பது அதன் பெயர். பலர் தனித்தனித் தட்டச்சு முனையங்களில் அமர்ந்து, ஒரே கணிப்பொறியை ஒரே சமயத்தில் பயன்படுத்த அது வழி செய்தது. கணிப்பொறி ஒவ்வொருவரிடமும் சிறிது நேரம் என மாறி மாறி வேலை செய்யும். அது அத்தனை வேகமாக மாறுவதால், ஒவ்வொருவருக்கும் 'பொறி முழுவதும் எனக்கே' என்று தோன்றும்.

பலர் ஒரே வீட்டில் குடியிருந்தால் பெட்டிக்குப் பூட்டு வேண்டும் அல்லவா? அதனால் கடவுச்சொல் வந்தது. அதனுடன் ஒரு தொல்லையும் வந்தது.

1960-களின் நடுப்பகுதியில் ஒரு நாள், அந்தக் கணிப்பொறிக்குள் நுழைந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும் ஒரு நீண்ட பட்டியல் அச்சாகத் தொடங்கியது. அது எல்லாப் பயனாளர்களுடைய கடவுச்சொற்களின் பட்டியல்! யாரும் எதையும் திருடவில்லை. நடந்தது இதுதான்: நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே சமயத்தில் மற்றொருவர், நுழைபவர்களை வரவேற்கும் 'இன்றைய செய்தி' என்ற கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்துவதற்கு உதவும் நிரல், வேலை முடியும் வரை எழுத்துகளை ஒரு தற்காலிகக் கோப்பில் வைத்துக்கொள்ளும். அந்தத் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்ததால், ஒருவருடைய கோப்பு மற்றவருடைய கோப்பின் இடத்தில் போய் அமர்ந்துவிட்டது. கொர்பாட்டோ 1990-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்று ஆற்றிய உரையில், தம்முடைய முறையில் நேர்ந்த இந்தத் தவறைத் தாமே எடுத்துச் சொன்னார்.

கடவுச்சொற்கள் வெளியானதற்குப் பூட்டின் குறை காரணமன்று. எந்தக் கோப்பை யார் எழுதுகிறார்கள், அதை யார் நம்பிப் படிக்கிறார்கள் என்ற கணக்கில்தான் பிழை.

ஒன்பது எழுத்துகளில் ஒரு காவல்

1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 'யூனிக்ஸ்' என்ற இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் சர்வர்களில் ஓடும் லினக்ஸ், அந்த வழியைப் பின்பற்றியதே. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளேயும் இருப்பது லினக்ஸ்தான். யூனிக்ஸ் கையாளும் காவல் முறை மிகவும் எளிது. ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு கோப்பையும் பற்றி மூன்று கேள்விகள்: படிக்கலாமா? எழுதலாமா? நிரலாக இயக்கலாமா? இந்த மூன்று கேள்விகளும் மூன்று வகையினரைக் குறித்துக் கேட்கப்படுகின்றன: கோப்பின் உரிமையாளர், அவருடைய குழுவினர், மற்ற எல்லோரும். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. எனவே, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்பது 'ஆம் அல்லது இல்லை' பதில்கள் உண்டு.

படிக்க என்பதற்கு 'ப', எழுத என்பதற்கு 'எ', இயக்க என்பதற்கு 'இ' என்று வைத்துக்கொள்வோம். அனுமதி இல்லாவிட்டால் ஒரு கோடு. அப்படியானால்,

பஎஇ ப-இ ப-இ

என்பதன் பொருள் என்ன? உரிமையாளர் மூன்றும் செய்யலாம். குழுவினரும் மற்றவர்களும் படிக்கலாம், இயக்கலாம், எழுத முடியாது.

இதை எண்ணால் குறிக்கும் வழி இன்னும் சுவையானது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் இருந்தால் 4+2+1=7. படிக்கவும் இயக்கவும் மட்டும் என்றால் 4+1=5. ஆகவே மேலே கண்ட அனுமதி 755. ஏன் 1, 2, 3 என்று வைக்காமல் 1, 2, 4 என்று வைத்தார்கள்? 3 என்ற எண்ணைக் கண்டால் அது தனி அனுமதியா, 1-உம் 2-உம் சேர்ந்ததா என்ற குழப்பம் வரும். 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் அந்தக் குழப்பமே வராது. 0 முதல் 7 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு பொருள்தான். நீங்கள் படித்த இரும எண்முறையேதான் இது!

777 என்றால் எல்லோரும் எல்லாமும் செய்யலாம். தாழ்வாரத்து மேசையில் கிடக்கும் நோட்டு அதுதான்.

இங்கே பெரியவர்களும் தடுக்கி விழும் ஒரு நுட்பம் உண்டு. கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபோல்டருக்கும் இதே ஒன்பது அனுமதிகள் உண்டு. ஃபோல்டரில் 'எழுதலாம்' என்றால், அதனுள் புதிய கோப்பை வைக்கலாம், இருப்பதை எடுத்துவிடலாம், பெயரை மாற்றலாம் என்று பொருள். இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு கோப்பில் நீங்கள் ஓர் எழுத்துக்கூட எழுத முடியாது. ஆனால், அது இருக்கும் ஃபோல்டரில் உங்களுக்கு எழுதும் அனுமதி இருக்கிறது. அப்படியானால் பழைய கோப்பை அப்புறப்படுத்திவிட்டு, அதே பெயரில் வேறொரு கோப்பை வைத்துவிடலாம்! நோட்டுக்கு மூடி போட்டுப் பூட்டியாயிற்று; ஆனால் அலமாரி திறந்து கிடக்கிறது. அதே அட்டை போட்ட இன்னொரு நோட்டை வைத்துவிட்டால் பியூனுக்கு எப்படித் தெரியும்?

எல்லோரும் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் பொது ஃபோல்டர் ஒன்று யூனிக்ஸில் உண்டு. அங்கே இந்த ஆபத்தைத் தடுக்க ஒரு தனி அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த அடையாளம் இருந்தால், எல்லோரும் கோப்பு வைக்கலாம். ஆனால் பிறர் கோப்பை எடுத்தெறிய முடியாது.

கடன் வாங்கிய அதிகாரம்

யூனிக்ஸில் 'ரூட்' என்றொரு பயனாளர் உண்டு. ஒன்பது எழுத்துக் காவல் அவரைத் தடுக்காது. அவர்தான் அந்தக் கணிப்பொறியின் தலைமை ஆசிரியர்.

இப்பொழுது ஒரு சிக்கல். கடவுச்சொற்கள் உள்ள கோப்பை ரூட் மட்டுமே மாற்றலாம். அப்படியானால், நீங்கள் உங்கள் கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி? ஒவ்வொரு முறையும் நிர்வாகியைத் தேடிப் போக முடியுமா?

டென்னிஸ் ரிச்சி இதற்கு ஓர் அழகான வழி கண்டார். சில நிரல்களுக்கு மட்டும் ஒரு சிறப்பு அடையாளம் தரப்படும். 'செட்-யூ-ஐ-டி' என்பது அதன் பெயர். அந்த நிரலை யார் இயக்கினாலும், இயக்கியவருடைய அதிகாரத்தில் அது ஓடாது. நிரலின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஓடும். கடவுச்சொல் மாற்றும் நிரலின் உரிமையாளர் ரூட். எனவே, நீங்கள் அதை இயக்கும் அந்தச் சில நொடிகளுக்கு அது ரூட்டின் அதிகாரத்துடன் வேலை செய்யும். ஆனால் உங்களுடைய கடவுச்சொல்லைத் தவிர வேறொன்றையும் மாற்றாது. இந்தக் கண்டுபிடிப்புக்கு 1979-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

தலைமை ஆசிரியரின் சாவிக்கொத்தைச் சிறிது நேரம் பியூனிடம் கொடுத்து அனுப்புவதைப் போன்றது இது. பியூன் நேர்மையானவராகவும், சொன்னதைத் தவிர வேறு எதையும் செய்யாதவராகவும் இருக்கும் வரை கவலையில்லை. அவரை யாரேனும் ஏமாற்றிவிட்டால்? சாவிக்கொத்து முழுவதும் ஏமாற்றியவன் கைக்குப் போய்விடும். சாதாரணப் பயனாளர் ஒருவர் இப்படித் தமக்கில்லாத அதிகாரத்தைப் பெறுவதை 'அதிகார ஏற்றம்' எனலாம்.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

பல பேர் ஒரு கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்தோம். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தினர் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். கணிப்பொறியின் நேரத்தைப் பங்கிடுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணிப்பொறியையே தந்தால் என்ன? உண்மையில் இருப்பது ஒரே பொறி. ஆனால் மென்பொருளின் திறமையால், ஒவ்வொரு பயனாளருக்கும் தனி நினைவகம், தனி வட்டு, தனி அச்சுப்பொறி எல்லாம் இருப்பதைப் போன்ற தோற்றம் கிடைக்கும். இப்படித் தோன்றும் கணிப்பொறிக்கு 'மெய்நிகர் கணிப்பொறி' என்று பெயர். மெய்யான கணிப்பொறிக்கு நிகரானது என்று பொருள். 1972-இல் ஐ.பி.எம். இதை வி.எம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு அறிவித்தது.

சாதாரண மேசைக் கணிப்பொறியிலும் இதைச் செய்ய முடியும் என்று 1999-ஆம் ஆண்டில் காட்டியது, அமெரிக்காவின் வி.எம்வேர் நிறுவனம். (2023 நவம்பரில் இந்த நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கியது.) இன்று விண்டோஸ் கணிப்பொறியின் ஒரு சன்னலுக்குள் லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். வெளியே இருக்கும் உண்மையான கணிப்பொறியை 'வீட்டுக்காரர்' என்றும், உள்ளே ஓடுவதை 'விருந்தாளி' என்றும் அழைப்பார்கள். பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிக் கூடங்களில், ஒரே பொறியில் ஒரு கடையின் கணக்கும், ஒரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலும் தனித்தனி விருந்தாளிகளாகக் குடியிருக்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. இடையில் உள்ள சுவர் அத்தனை உறுதியானது.

அந்தச் சுவரிலும் விரிசல் விடுவதுண்டு. 2015 மே மாதத்தில் 'வெனம்' என்று பெயரிடப்பட்ட ஒரு குறை வெளிவந்தது. கியூஎமு என்ற மென்பொருளில், மெய்நிகர் ஃபிளாப்பி வட்டு இயக்கிக்கான பகுதியில் அது இருந்தது. ஃபிளாப்பி வட்டையே மறந்துவிட்ட காலம்! அந்தக் குறையோ 2004 முதல் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி விருந்தாளி, சுவரைத் தாண்டி வீட்டுக்காரர் பக்கம் வர வாய்ப்பிருந்தது.

ஆனால், சுவரை உடைக்காமலே காரியம் சாதிக்கக்கூடிய குறைகளும் உண்டு. நமது சுற்றறிக்கை நோட்டு அந்த வகையைச் சேர்ந்தது.

திறந்து கிடந்த ஃபோல்டர்

உங்கள் கணிப்பொறியில் இரண்டு விருந்தாளிகள் ஓடுகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் ஒரு பென் டிரைவைச் செருகுகிறீர்கள். அது யாருக்கு? வீட்டுக்காரருக்கா, முதல் விருந்தாளிக்கா, இரண்டாம் விருந்தாளிக்கா? இதைத் தீர்த்து வைக்க ஒரு நடுவர் வேண்டும். வி.எம்வேர் மென்பொருளில் இதற்கென்றே யு.எஸ்.பி. நடுவர் பணி என்றொரு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். கருவிகளைத் தொட்டு வேலை செய்ய வேண்டியிருப்பதால் அதற்கு உயர்ந்த அதிகாரம் தரப்பட்டிருக்கிறது.

எந்த நடுவருக்கும் விதிப்புத்தகம் ஒன்று வேண்டும். இந்த நிரலின் விதிகள், அமைப்புக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் இருந்தன. 2020 மார்ச்சில் வி.எம்வேர் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விண்டோஸுக்கான தன்னுடைய சில மென்பொருள்களில், அந்த ஃபோல்டரில் எல்லாப் பயனாளர்களும் எழுத முடிகிறது என்று அதில் ஒப்புக்கொண்டது. விண்டோஸில் ஒன்பது எழுத்து முறை கிடையாது; ஒவ்வொரு கோப்புக்கும் யார் யார் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் இருக்கும். முறை வேறானாலும் தவறு அதேதான். சாதாரணப் பயனாளர் ஒருவர் அந்த ஃபோல்டரில் கைவைத்து, வேறு எந்தப் பயனாளரின் அதிகாரத்திலும் தம் கட்டளைகளை ஓட வைக்க வாய்ப்பிருந்தது.

அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. விருந்தாளியாக ஓடும் லினக்ஸிலிருந்து வீட்டுக்காரரின் அச்சுப்பொறியில் அச்சிட உதவும் 'தின்பிரிண்ட்' என்ற பகுதியில், சில கோப்புகளின் அனுமதி சரியாக வைக்கப்படவில்லை. அச்சிடும் வசதி இயக்கப்பட்டிருந்தால், அந்த லினக்ஸில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் அதே லினக்ஸின் ரூட் ஆகிவிட முடியும். இதில் அவர் விருந்தாளியை விட்டு வெளியேறவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவர் அப்படியே நிற்கிறது. ஆனால் சுவருக்கு உள்ளே அவரே ராஜா!

இவற்றுக்கெல்லாம் திருத்தங்கள் வெளியாயின. திருத்துவதும் எளிதான வேலை அன்று. அதே மாதத்தில், மாக் கணிப்பொறிகளுக்கான வி.எம்வேர் ஃபியூஷனில் செட்-யூ-ஐ-டி அடையாளத்தை முறையாகக் கையாளாததால் வந்த ஒரு குறை அறிவிக்கப்பட்டது. முதலில் கொடுத்த திருத்தம் முழுமையாக இல்லாததால், மீண்டும் திருத்த வேண்டி வந்தது.

பெயரை மட்டும் சொன்னதால் வந்த வினை

2013 ஆகஸ்டில் வெளியான மற்றொரு குறை, ஒரு துப்பறியும் கதையைப் போன்றது. அதைக் கண்டுபிடித்தவர் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி.

லினக்ஸுக்கான வி.எம்வேர் மென்பொருளுடன் 'வி.எம்வேர்-மவுண்ட்' என்ற சிறு நிரல் வந்தது. விருந்தாளியின் மெய்நிகர் வட்டை வெளியிலிருந்தே திறந்து காட்டுவது அதன் வேலை. இதற்கு ரூட் அதிகாரம் வேண்டும். எனவே அதற்குச் செட்-யூ-ஐ-டி அடையாளம் தரப்பட்டிருந்தது.

இந்த நிரல் வேலையின் நடுவே, "நான் எந்த வகை லினக்ஸில் ஓடுகிறேன்?" என்று தெரிந்துகொள்ள விரும்பியது. அதைச் சொல்வதற்கு 'எல்.எஸ்.பி.-ரிலீஸ்' என்ற வேறொரு சிறு நிரல் லினக்ஸில் உண்டு. வி.எம்வேர்-மவுண்ட் அதைக் கூப்பிட்டது. எப்படிக் கூப்பிட்டது? முழு முகவரியைச் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டது.

ஒரு பெயரை மட்டும் சொன்னால், லினக்ஸ் அந்த நிரலை எங்கே தேடும்? எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை எழுதுபவர் யார்? பயனாளரே!

இப்பொழுது உங்களுக்கே விளங்கியிருக்கும். ஒருவர் தம் சொந்த ஃபோல்டரில், அதே பெயரில் தம்முடைய நிரல் ஒன்றை வைக்கிறார். தேடும் பட்டியலில் தம் ஃபோல்டரை முதலில் எழுதுகிறார். பிறகு வி.எம்வேர்-மவுண்டை இயக்குகிறார். ரூட்டின் சாவிக்கொத்துடன் வந்த அது, போலி நிரலை உண்மையானதென்று எண்ணி இயக்கிவிடுகிறது. தலைமை ஆசிரியர், "முருகனைக் கூட்டிவா" என்றார். எந்த முருகன் என்று சொல்லவில்லை. பியூன், வாசலில் தயாராக நின்ற முருகனைக் கூட்டி வந்துவிட்டார்!

இந்தக் குறை டெபியன் லினக்ஸிலும் அதன் வழிவந்த அமைப்புகளிலும்தான் பலித்தது. நிரல்களைக் கூப்பிட்டு இயக்கும் 'ஷெல்' என்ற இடைத்தரகர் நிரல் சில லினக்ஸ்களில், யாரேனும் கடன் வாங்கிய அதிகாரத்துடன் வந்தால் அந்த அதிகாரத்தைக் களைந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். டெபியனில் அன்று இருந்த ஷெல் அப்படிச் செய்யவில்லை. ஓரிடத்தில் உள்ள தவறை இன்னோரிடத்தில் உள்ள எச்சரிக்கை தடுத்துவிடுகிறது. அந்த எச்சரிக்கை இல்லாத இடத்தில் தவறு முழு உருவம் எடுக்கிறது.

குழம்பிய காரியஸ்தர்

இத்தகைய ஏமாற்றத்துக்கு 1988-இல் நார்ம் ஹார்டி என்ற கணிப்பொறி அறிஞர் 'குழம்பிய காரியஸ்தர்' என்ற பொருள்படும் பெயரைக் கொடுத்தார். டைம்ஷேர் என்ற நிறுவனத்தில் நடந்ததை அவர் எழுதினார். அங்கிருந்த ஒரு நிரல் தன் பயன்பாட்டுக் கணக்கை ஒரு காவலுள்ள ஃபோல்டரில் எழுதி வைக்க அனுமதி பெற்றிருந்தது. அதே ஃபோல்டரில்தான் வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்கும் இருந்தது. அந்த நிரல் பயனாளரிடம், "என் குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுத வேண்டும்?" என்று கேட்கும். ஒருவர் கட்டணக் கோப்பின் பெயரையே சொன்னார். நிரல் பணிவுடன் அதன் மேல் எழுதிவிட்டது. கட்டணக் கணக்கு அழிந்தது.

காரியஸ்தரிடம் இரண்டு அதிகாரங்கள் இருந்தன: ஒன்று முதலாளி கொடுத்தது, மற்றொன்று வாடிக்கையாளர் சார்பில் வந்தது. எந்த வேலைக்கு எதைப் பயன்படுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. மேலே கண்ட நடுவர் நிரலும் மவுண்ட் நிரலும் இதே காரியஸ்தரின் உறவினர்களே.

இதற்கு மருந்து என்ன? 1975-இலேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் ஒரு கட்டுரையில் எழுதி வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன விதிகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, எந்த நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்துக்கு மேல் கொடுக்காதே. மற்றொன்று, தனியாக அனுமதி கொடுக்காத வரை 'இல்லை' என்பதே பதிலாக இருக்கட்டும். இவற்றோடு, இந்தக் கட்டுரையில் நாம் கண்ட பாடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: அதிகாரம் மிக்கவர் நம்பிப் படிக்கும் எதையும், அதிகாரம் குறைந்தவர் எழுத விடக் கூடாது.

விதி எளிது. ஆனால் ஒரு மென்பொருளை நிறுவும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் வட்டில் வந்து அமர்கின்றன. அவற்றில் ஒரு ஃபோல்டரின் அனுமதி தவறினாலும், மென்பொருள் வழக்கம்போல நன்றாகவே ஓடும். தவறு ஒரு நாளும் திரையில் எட்டிப் பார்க்காது. அதனால்தான் இத்தகைய குறைகள் நெடுநாள் ஒளிந்திருக்கின்றன.

இதனால் நமக்கென்ன?

"சாதாரணப் பயனாளராக ஏற்கெனவே உள்ளே இருப்பவரால்தானே இதைச் செய்ய முடியும்? வெளியாளால் முடியாதே!" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் திருடன் எப்போதும் ஒரே தாவலில் மாடிக்குப் போவதில்லை. ஏமாற்று மின்னஞ்சல் ஒன்றைத் திறந்த ஒருவருடைய சிறிய கணக்கு முதலில் அவன் கைக்கு வரும். அந்தக் கணக்கால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அங்கிருந்து மேலே ஏற ஓர் ஏணி வேண்டும். அனுமதி தவறிய ஒரு ஃபோல்டர் அந்த ஏணியாகிவிடும். பிறகு, நோயாளிகளின் குறிப்புகளானாலும் சரி, உங்கள் மதிப்பெண்களானாலும் சரி, அந்தக் கணிப்பொறியில் உள்ள அனைத்தும் அவன் கையில்.

உங்கள் கைப்பேசியிலும் இந்தப் பாடம் பயன்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு, நீங்கள் நிறுவும் ஒவ்வொரு செயலியையும் ஒரு தனிப் பயனாளராகக் கருதித் தனி எண் கொடுக்கிறது. அதனால் ஒரு விளையாட்டுச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் கோப்புகளைப் படிக்க முடிவதில்லை. 'கைவிளக்கு'ச் செயலி ஒன்று உங்கள் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டால், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது இனி உங்களுக்குத் தெரியும். மென்பொருள் திருத்தம் வந்திருக்கிறது என்று கருவி சொன்னால், அதைத் தள்ளிப் போடாதீர்கள். திருத்தம் வெளியான அன்றே குறையும் ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது.

உங்களில் சிலர் நாளை இத்தகைய குறைகளைக் கண்டுபிடிக்கக்கூடும். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஓர்மண்டி போன்றவர்கள் சோதித்துப் பார்ப்பது தங்கள் கணிப்பொறியில்தான். பிறருடைய கணிப்பொறியில் அனுமதியின்றி நுழைவது, இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். குறையைக் கண்டால் மென்பொருளை உருவாக்கியவர்களிடமோ, நம் நாட்டின் 'செர்ட்-இன்' அமைப்பிடமோ தெரிவிப்பதே முறை. தாழ்வாரத்தில் நோட்டு திறந்து கிடப்பதைக் கண்ட மாணவன், அதில் எழுதிப் பார்க்கலாம். அல்லது எடுத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கலாம். அறிவு இருவருக்கும் ஒன்றுதான்.

செய்து பாருங்கள்

லினக்ஸ் உள்ள கணிப்பொறி கிடைத்தால், ஆசிரியரின் அனுமதியுடன் கட்டளைச் சன்னலைத் திறந்து, 'எல்எஸ்' என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'எல்' என்ற எழுத்தும் சேருங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பத்து இடங்கள் இருக்கும். முதல் இடம், அது கோப்பா, ஃபோல்டரா என்று சொல்லும். மீதி ஒன்பதும் நீங்கள் அறிந்த ஒன்பதுதான். நமது ப, எ, இ ஆகியவற்றுக்குப் பதிலாக ஆர், டபிள்யூ, எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும்.

கணிப்பொறி கிடைக்காவிட்டால் தாளிலேயே செய்யலாம். 640, 751 ஆகிய எண்களை ப, எ, இ முறையில் எழுதிப் பாருங்கள். பிறகு விடையைச் சரிபாருங்கள்.

விடை: 640 என்பது பஎ- ப-- ---. 751 என்பது பஎஇ ப-இ --இ.